ஹோல்டுல வந்த அக்கா

கோயில்பட்டி மார்க்கெட் பக்கம் ஒரு எண்ணெய்க்கடை இருக்கு, அந்த எண்ணெய்க்கடைக்கு ஒரு மாடி இருக்கு, அந்த மாடியில சுழல்மதி கிரைண்டர் கம்பெனியோட கஸ்டமர் கேர் இருக்கு, அந்தக் கஸ்டமர் கேர்ல ஜன்னலோரமா வேல்மயில்னு ஒருத்தி இருக்கா, அந்த வேல்மயில் தலையில ஒரு ஹெட்செட் இருக்கு. இத்தனையில ஒழுங்கா இல்லாதது அந்த ஹெட்செட் ஒண்ணுதான், மத்ததெல்லாம் ஏதோ ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அதுவும் ஹெட்செட்டாப் பொறந்ததுதான், வயசாக வயசாக வேற என்னமோவா ஆகிப்போச்சு. காதுல உக்கார்ற பஞ்சு மேல இருந்த கருப்புத் தோலு உரிஞ்சு உரிஞ்சு, சாயங்காலம் வேல்மயில் படியிறங்கி வந்தா, காதால எள்ளுருண்டை தின்னவ மாதிரி கன்னமெல்லாம் கருப்பு கருப்பா ஒட்டிக்கிட்டு வருவா. தோலு போன இடத்துக்கு மகனோட பழைய சாக்ஸை, மஞ்சக் கலர்ல வாத்துப் படம் போட்டதை, மாட்டித் தச்சிருந்தா. தலைக்கு மேல போற வளையம் ஒடிஞ்சு, அதுக்குக் கருப்பு டேப்பும் ரப்பர் பேண்டும் சுத்தி ஒரு மாவுக்கட்டு. வயரு இருக்கே, அதை இடது பக்கமா முறுக்கி, துணி காயப்போடுற கிளிப்பால மேசையோட கவ்வ வச்சாத்தான் அந்தப் பக்கம் பேசுற சத்தம் வரும், கிளிப் நழுவுச்சுன்னா கஸ்டமர் கெணத்துக்குள்ள விழுந்துட்ட மாதிரி ஆயிரும்.

"சார், காது வலிக்கு சார். புது ஹெட்செட் வேணும்"னு அவ டீம் லீடர் ஜெபசிங்கிட்ட சொல்லுவா. ஜெபசிங் சார் கண்ணை மூடி, பூசையில ஐயர் மந்திரம் சொல்ற மாதிரி சொல்லுவாரு: "டிக்கெட் போட்டாச்சும்மா, அப்ரூவல் போயிருக்கும்மா, பிராசஸ்ல இருக்கும்மா." டிக்கெட்னா கம்பெனி கம்ப்யூட்டர்ல போடுற மனு. அந்த பிராசஸ்னு சொல்றது எங்க இருக்கு, அதுக்குக் கை கால் உண்டா, சாப்பிடுமா, யாருக்கும் தெரியாது. வேல்மயில் போய் உக்காந்து, வாத்து சாக்ஸைக் காதுல அமுக்கி, "வணக்கம், சுழல்மதி கஸ்டமர் கேர், நான் பிரியா பேசுறேன்"ம்பா. அந்த மாடியில உக்காந்திருந்த அத்தனை பொம்பளைகளும் போன்ல பிரியாதான். கம்பெனி வச்ச பேரு.

இப்படி இருக்கையில ஒரு நாள் பொள்ளாச்சியில இருந்து ஒரு அம்மா கூப்பிட்டுச்சு. "ஏனுங் அம்மிணி, மோட்டாரு உர்ருனு உறுமுதுங், கல்லு நகர மாட்டேங்குதுங், ஊறப்போட்ட அரிசி என்னைய மொறைச்சுப் பாக்குதுங்." வேல்மயில், "கொஞ்சம் லைன்ல இருங்க மேடம், செக் பண்ணிச் சொல்லுதேன்"னு ஹோல்டு பட்டனை அமுக்குனா. அமுக்கிட்டுத் திரும்புனா, பக்கத்துப் பிளாஸ்டிக் சேர்ல அந்தப் பொள்ளாச்சி அம்மா, கையில மாவுக் கரண்டியோட, சேலையை இடுப்புல சொருகுன வாக்குல உக்காந்திருந்துச்சு. "இருங்கன்னீங்க. இங்கியே இருக்கட்டுங்களா?"ன்னு கேட்டுச்சு.

கஸ்டமர் என்ன செஞ்சாலும் அதிர்ச்சியக் காட்டக்கூடாதுன்னு டிரெய்னிங்ல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாங்க. அதனால வேல்மயில், "இருங்க மேடம், தண்ணி குடிக்கீங்களா"ன்னா. அந்த அம்மா தண்ணி குடிச்சுது, ஜன்னல் வழியா மார்க்கெட்டைப் பாத்துது, "இங்க தக்காளி என்ன வெலைங்க"ன்னு விசாரிச்சுது. வேல்மயில் ஹோல்டை எடுத்தா, சேர் காலி. அந்த அம்மா பொள்ளாச்சியில அடுப்பங்கரையில நின்னுக்கிட்டு, "சொல்லுங் அம்மிணி"ன்னுச்சு. சேர்ல மாவு ஈரம் மட்டும் கொஞ்சம் இருந்துச்சு.

அதுக்கப்புறம் அவ யாரை ஹோல்டுல போட்டாலும் ஆளு வந்துரும். மெட்ராசுக்காரர் ஒருத்தர் பனியனோட வந்து, "இன்னாமா, லைன்ல நிக்க வெச்சிக்கினே கீற, ஒரு டீயாவது சொல்லு"ன்னாரு. நாகர்கோயில்ல இருந்து ஒரு தாத்தா மிக்சி ஜாரைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்து, "மக்களே, எனக்க வீட்ல இதுக்க மூடியக் காணல்ல, கொஞ்சம் நோக்கிப் பாரு"ன்னு அவ மேசைக்கடியில தேடுனாரு. தலையில பாதி எண்ணெயோட வந்தவங்க உண்டு, பல்லு விளக்கிக்கிட்டே வந்தவங்க உண்டு. ஜெபசிங் சார் ஒரு தரம் கதவுகிட்ட நின்னு எல்லாத்தையும் பாத்தாரு, "கஸ்டமர் திருப்தியா இருக்காங்களா?"ன்னு கேட்டாரு, "இருக்காங்க சார்"னதும், "அப்ப சேர் பத்தாதே"ன்னு கவலைப்பட்டு, பந்தல்காரர்கிட்ட கல்யாணச் சேரு வாடகைக்கு எடுத்தாரு.

தெருவும் அதைச் சட்டுனு பழகிக்கிடுச்சு. கீழ டீக்கடை வச்சிருக்க சூசைக்கு மொதல்ல ஒரே சங்கடம், என்னன்னா வந்தவங்க டீயை வாயில வைக்கையில வேல்மயில் ஹோல்டை எடுத்துருவா, ஆளோட கிளாசும் போயிரும். சிதம்பரத்துல ஒண்ணு, ஈரோட்டுல ஒண்ணு, அரக்கோணத்துல ஒண்ணுன்னு அவரு கிளாசு ஊரெல்லாம் போய்க் குடித்தனம் பண்ணுச்சு. அப்புறம் பேப்பர் கப்புக்கு மாறிட்டாரு. ஆனா வர்றவங்ககிட்ட எல்லாம், "சிதம்பரம் போனா எங்க கிளாசு ஒண்ணு அங்க இருக்கு, பாத்துக்கோங்க"ன்னு பெருமையடிப்பாரு. கடலைமிட்டாய்க் கடைக்காரங்க மாடிப்படியிலயே ஒரு மேசை போட்டுட்டாங்க. ஆட்டோ ஸ்டாண்டுல மட்டும், "பஸ்சுல வந்தா நாங்க பொழைப்போம், இது வயருல வருதே"ன்னு கொஞ்சம் மொணங்குனாங்க.

பாத்திரக்கடை அன்னபாக்கியத்துக்கு மக ஓசூர்ல. வருசத்துக்கு ஒரு தரம் பாக்குறதே பெரிய விசயம். அன்னபாக்கியம் என்ன பண்ணுச்சு, மகளுக்கு ஒரு சுழல்மதி கிரைண்டர் வாங்கி லாரியில போட்டு அனுப்புச்சு. அனுப்பிட்டு, "ஏட்டி, அது ரிப்பேர்னு கஸ்டமர் கேருக்குப் போன் போடு, ஜன்னலோரத்துப் பிரியாதான் வேணும்னு கேளு"ன்னுச்சு. பெட்டியே பிரிக்காத கிரைண்டரு ரிப்பேர்னு மக கூப்பிட, வேல்மயில் ஹோல்டுல போட, அன்னபாக்கியம் மாடியேறி வந்து மகளுக்குத் தலைவாரி, பூ வச்சு, முறுக்கு குடுத்து, திட்டி, கொஞ்சி அனுப்புச்சு. அதைப் பாத்து அந்தத் தெருவே சொந்தக்காரங்களுக்கெல்லாம் கிரைண்டர் வாங்கி அனுப்ப ஆரம்பிச்சுது. கம்பெனியில ஏன் இம்புட்டு விக்குதுன்னு தெரியாம எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தாங்க. மத்த பிரியாக்கள் லைன்ல ஆளில்லாம உக்காந்து வெங்காயம் உரிச்சாங்க.

இதுல வேல்மயிலுக்கு மட்டும் காது வலி. ஊருக்கே உறவைச் சேத்து வைக்கிற காது, அவளுக்கு ராத்திரியானா கொய்ங்குனு சத்தம். அவ ஜெபசிங்கிட்ட, "சார், டிக்கெட்?"ன்னு கேக்குறதை நிறுத்தவே இல்ல.

அப்பத்தான் ஒரு மத்தியானம் லைன்ல ஒரு குரல், "அலோ"ன்னுச்சு.

அந்த அலோவைக் கேட்டதும் வேல்மயிலுக்குக் கிளிப்பைப் பிடிச்ச கை அப்படியே நின்னுபோச்சு. அது அவ கூடப்பொறந்த அக்கா சண்முகக்கனியோட அலோ. வேதாரண்யத்துல உப்பளத்துக்காரர் வீட்டுல வாழ்க்கைப்பட்டுப் போனவ. அக்காவும் தங்கச்சியும் பேசிப் பல வருசமாச்சு. எதுக்குப் பேசலங்கீங்களா? வேல்மயில் புது வீட்டுக்குப் பால் காச்சுன அன்னைக்கு, மாமியா வீட்டு ஆளுக அத்தனை பேரும் பந்தியில உக்காந்திருக்கையில, அவ வச்ச சாம்பாரை ஒரு வாய் வச்சுட்டு அக்கா சத்தமா, "உப்பு பத்தல"ன்னுட்டா. அந்தப் பக்கம் நாலு பேரு சிரிச்சுட்டாங்க. வேல்மயிலுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. "உங்க ஊரே உப்பாக் கெடக்கு, உனக்கு நாக்கு செத்துப்போச்சு, பிடிக்கலன்னா உன் வீட்ல போய்த் தின்னு"ன்னுட்டா. அக்கா எந்திரிச்சா. கை கழுவல. எச்சிக் கையோட அப்படியே பஸ் ஏறிப் போனவதான். மொதல்ல நான் பேசமாட்டேன்னு அவ ஒரு பக்கம், மொதல்ல நான் பேசமாட்டேன்னு இவ ஒரு பக்கம். நல்லது கெட்டதுல பாத்தாக்கூட செவத்தைப் பாத்துத்தான் பேசுவாளுக.

"வணக்கம், சுழல்மதி கஸ்டமர் கேர், நான் பிரியா பேசுறேன்"னா வேல்மயில்.

அக்காவும் கண்டுபிடிச்சுட்டா.

"பிரியாவா?"

"ஆமா மேடம்."

"நல்ல பேரு. யாரு வச்சா?"

"கம்பெனி வச்சது மேடம்."

"பெத்தவ வச்ச பேரு நல்லால்லையோ?"

வேல்மயிலுக்கு மூக்கு அடைச்சுக்கிட்டு வந்துச்சு. மூக்கைச் சிந்தணும்னா அந்த வேலையில எல்லாரும் செய்யிறது ஒண்ணுதான், ஹோல்டுல போட்டுட்டுச் சிந்துறது. ஊரையே ஹோல்டுல போட்டு வரவழைச்ச மகராசி, அந்த நிமிசம் மூக்கைத் தவிர வேற எதையும் நெனைக்காம பட்டனை அமுக்கிட்டா. சிந்திட்டு நிமுந்தா, பக்கத்துச் சேர்ல சண்முகக்கனி. நைட்டி, தோள்ல துண்டு, கையெல்லாம் உளுந்து மாவு, காதோரம் முடி வெளுத்திருந்துச்சு.

பேசுனா தோத்தவ ஆயிருவோம்னு ரெண்டு பேரும் உம்முனு இருந்தாளுக. மாடியே வேலைய விட்டுட்டுப் பாத்துச்சு. வேல்மயில் யோசிச்சா: வேல்மயில்தான அக்காகூடப் பேசமாட்டா? பிரியாவுக்கு என்ன வந்துச்சு? நிமுந்து உக்காந்து பிரியா குரல்ல கேட்டா: "மேடம், உங்க கிரைண்டர்ல என்ன பிரச்சனைன்னு சொல்ல முடியுமா?"

அக்கா அவளைப் பாக்கல, மேசையில இருந்த துணிக் கிளிப்பைப் பாத்துச் சொன்னா. "உள்ள ரெண்டு குழவி. ஒண்ணா வாங்குனது, ஒண்ணாச் சுத்துனது. இப்ப ஒண்ணு சுத்துனா ஒண்ணு நிக்கி."

"மொதல்ல நின்னது எந்தக் குழவி மேடம்?"

"சின்னக் குழவிதான்."

"எங்க சிஸ்டத்துல பெரிய குழவின்னு காட்டுது மேடம்."

"உங்க சிஸ்டத்தைத் தூக்கி உப்பளத்துல போடு."

"பந்தியில பாதியில எந்திரிச்சுப் போனதும் பெரிய குழவின்னுதான் காட்டுது மேடம்."

"நாலு பேரு முன்னால விரட்டுனா எந்தக் குழவியும் எந்திரிச்சுத்தான் போகும்."

"நாலு பேரு முன்னால கொறை சொன்னா எந்தக் குழவிக்கும்தான் வலிக்கும் மேடம்."

டீ கொண்டு வந்த சூசைகிட்ட ஆட்டோக்கார முனீஸ், "குழவி எப்படிண்ணே பந்தியில உக்காரும்?"னு கேட்டான். சூசை அவன் கையில நறுக்குனு கிள்ளுனாரு. கம்பெனி மெக்கானிக் தங்கதுரை ஆர்வமா முன்னால வந்து, "ரெண்டு குழவியையும் கழட்டி எண்ணெய் விட்டாச் சரியாயிரும்"னான். "நீ சும்மா இரு"ன்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னாளுக. சொன்னதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, ரெண்டு பேரும் வேற வேற பக்கம் திரும்பி அதை முழுங்குனாளுக.

அன்னையில இருந்து சண்முகக்கனி வீட்டுக் கிரைண்டருக்கு தினம் ஒரு நோவு. ஒரு நாளு சத்தம் போடுதும்பா, ஒரு நாளு சத்தமே போடலைம்பா, ஒரு நாளு அடுப்பங்கரையில தனியாக் கெடந்து ஏங்குதும்பா. வேல்மயில் எல்லாத்துக்கும், "கொஞ்சம் லைன்ல இருங்க மேடம்"பா. அக்கா வந்து உக்காருவா, தூக்குவாளியில மீன்குழம்போ கருவாட்டுத் தொக்கோ இருக்கும், அதை மேசையில வச்சு, "இதைக் கம்பெனிக்காரங்க யாராச்சும் தின்னா தின்னட்டும்"னு செவத்துக்குச் சொல்லுவா. வேல்மயில் ஜெபசிங்கைப் பாத்து, "சார், கஸ்டமர் நல்லாத் தூங்குறாங்களான்னு கேளுங்க, கண்ணு உள்ள போயிருக்கு"ம்பா. ஜெபசிங் சாரு, "மேடம், நல்லாத் தூங்குறீங்களா?"ம்பாரு. "தூக்கம் வந்து நாளாச்சுன்னு சொல்லுங்க சார்"ம்பா அக்கா. அவரு நடுவுல உக்காந்து பந்து மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் போய்க்கிட்டே, மீன்குழம்பை மட்டும் விடாமச் சாப்பிட்டாரு.

தெருவுக்கும் அந்தப் பேச்சு தொத்திக்கிடுச்சு. புருசன்கூடக் கோவிச்சுக்கிட்ட பொம்பளைக எல்லாம், "சார், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், சோத்தைப் போட்டுத் தின்னுட்டுத் தட்டைக் கழுவி வைக்கவும்"னாங்க. சூசைக்கும் எண்ணெய்க்கடைக்காரருக்கும் ரொம்ப நாளாப் பேச்சில்ல. அவுக, "சார், வாசல்ல வண்டி நிறுத்துறது சம்பந்தமா ஒரு புகார்"னு ஆரம்பிச்சு, அந்தச் சண்டைய அதுலயே முடிச்சுட்டாக.

வேல்மயில் மட்டும் முடிக்கல. பிரியா பேசுறா, கஸ்டமர் பேசுறா, அக்காவும் தங்கச்சியும் பேசல. இன்னைக்குப் பேசிரணும்னு தினம் படியேறுவா, ஹோல்டை எடுக்கையில சொல்லு வாய் வரைக்கும் வரும், அதுக்குள்ள சேர் காலியாயிருக்கும்.

அந்த நேரம் பாத்து ஜெபசிங் சாரு மூஞ்சியெல்லாம் பல்லா வந்தாரு. "வேல்மயில், பிராசஸ் முடிஞ்சிருச்சு. மதுரையில இருந்து வெள்ளிக்கிழமை புது ஹெட்செட் வருது."

வேல்மயில் பழைய ஹெட்செட்டை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டா. "வேண்டாம் சார். காது பழகிருச்சு."

"பழகிருச்சா? நீ கேட்டுக் கேட்டுத்தான நான் கேட்டுக் கேட்டு வாங்குனேன். நீ போட்ட டிக்கெட்டு, குளோஸ் ஆகணும்ல?"

சேதி அன்னபாக்கியம் காதுக்குப் போயி, அன்னபாக்கியத்துல இருந்து ஓசூருக்குப் போயி, எப்படியோ வேதாரண்யத்துக்கும் போயிருச்சு. வெள்ளிக்கிழமை காலையில சண்முகக்கனி கூப்பிட்டா. வேல்மயில் ஒரு கேள்வியும் கேக்கல, பட்டனை அமுக்கிட்டா. அக்கா இந்தத் தடவை கிரைண்டரையே மடியில கட்டிப்பிடிச்சுக்கிட்டு வந்திருந்தா. அது அவ கல்யாணத்துக்கு ஆத்தா சீட்டுப் போட்டு வாங்கிக் குடுத்தது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாளுக. வேல்மயில் வாயைத் தொறந்தா, "மேடம்"னுதான் வந்துச்சு. திருப்பித் தொறந்தா, அதுக்கும் "மேடம்".

அப்பத்தான் மதுரை சிஸ்டம்காரன் நவநீதன் உள்ள வந்தான். நல்ல பையன், வேகமான பையன், மத்தியானச் சாப்பாட்டுக்கு மதுரை திரும்பணும்னு வந்தவன். "இதுதானா மேடம்? அட, இது மியூசியத்துல இருக்க வேண்டியது"ன்னு சிரிச்சுக்கிட்டே, மாடியே "ஏ, ஏ"ன்னு எந்திரிக்கிறதுக்குள்ள, கிளிப்பைக் கழட்டி வயரை உருவிட்டான்.

எல்லாரும் சேரைப் பாத்தாங்க. சேர்ல சண்முகக்கனி இருந்தா. போகல. போன்ல கால் கட்டாயிருச்சு, கஸ்டமர் மட்டும் மிச்சம். அவ தன் கையைத் தொட்டுப் பாத்தா, கிரைண்டரைத் தொட்டுப் பாத்தா, கீழ குனிஞ்சு காலைப் பாத்தா. கால்ல செருப்பு இல்ல. அடுப்பங்கரையில இருந்து வந்தவளுக்குச் செருப்பு ஏது, கைப்பை ஏது, பஸ்சுக்குக் காசு ஏது.

நவநீதன் புது ஹெட்செட்டைப் பெட்டியில இருந்து எடுத்து வேல்மயில் தலையில மாட்டுனான். அது ஆவி பறக்குற இட்லி மாதிரி மெத்துனு உக்காந்துச்சு. காது வலியே இல்ல. ஒரு கால் வந்துச்சு, கரூர்ல இருந்து, சத்தம் மணி மாதிரி கேட்டுச்சு. சோதிச்சுப் பாக்க ஹோல்டுல போட்டா. பாட்டு ஓடுச்சு. சேருக எல்லாம் சும்மா இருந்துச்சு. பழசை நவநீதன் பிளாஸ்டிக் கவர்ல போடையில, "ஒரு நிமிசம் தம்பி"ன்னு வேல்மயில் வாத்து சாக்ஸை மட்டும் நூலை அறுத்துக் கழட்டிக்கிட்டா. மதுரையில ஒரு கூடை நிறைய இந்த மாதிரி பழசு கெடக்குன்னான் அவன். அது ஒவ்வொண்ணும் யார் யாரைக் கூட்டிக்கிட்டு வந்துச்சோ.

சாயங்காலம் வரைக்கும் சண்முகக்கனி அந்தச் சேர்லயே உக்காந்திருந்தா. சூசை பேப்பர் கப்பை ஓரமா வச்சுட்டு, கண்ணாடி கிளாசுல டீ கொண்டு வந்து குடுத்தாரு. "இனி கிளாசு எங்கயும் போகாதுல்ல"ன்னாரு. வேலை முடிஞ்சதும் வேல்மயில் எந்திரிச்சு, கிரைண்டர் பக்கத்துல வந்து நின்னு, கிரைண்டர்கிட்டச் சொன்னா: "கிரைண்டருக்கு இன்னைக்குப் பஸ் இல்ல. வீட்ல எடம் இருக்கு."

"கிரைண்டருக்கு அழைப்பில்லாத வீட்டுக்குப் போய்ப் பழக்கமில்ல"ன்னா அக்கா.

"கூப்பிடுதாங்கல்ல இப்ப."

"யாரு கூப்பிடுதா?"

"கம்பெனி."

அக்கா ஒரு பக்கம் பிடிச்சா, தங்கச்சி ஒரு பக்கம் பிடிச்சா. முனீஸ் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்துனான், ரெண்டு பேரும் வேண்டாம்னு தலையாட்டிட்டு, மார்க்கெட்டைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, கனத்தை மாத்தி மாத்தி, கால் மாறாம ஒண்ணா நடந்தாளுக. நடுவுல வேல்மயில் நின்னா, தன் செருப்பைக் கழட்டி அக்கா காலுகிட்டத் தள்ளிவிட்டா. அக்கா ஒண்ணை மட்டும் மாட்டிக்கிட்டு இன்னொண்ணைத் திருப்பித் தள்ளிவிட்டா. ஆளுக்கு ஒரு செருப்போட ஒரு கிரைண்டர் போறதை வழியில எல்லாரும் பாத்தாங்க.

வீட்டுல வேல்மயில் புருசன் சங்கரபாண்டி அக்காளைப் பாத்ததும், இதுல தலைய விட்டா நசுங்கிரும்னு தெரிஞ்சவரு, "வாங்க மைனி"ன்னு ஒரு சொல்லோட மகனைக் கூட்டிக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போயிட்டாரு. வேல்மயில் சாம்பார் வச்சா. அதே சாம்பாரு. இலை போட்டு, சோத்தை வச்சு, ஊத்தி, எட்டி நின்னா. கதவுக்குப் பின்னால புருசனும் மகனும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

அக்கா பெசஞ்சா. ஒரு வாய் வச்சா. மென்னா. முழுங்குனா. நிமுந்து, செவத்தைப் பாக்காம, கிரைண்டரைப் பாக்காம, நேரா தங்கச்சியப் பாத்தா.

"ஏ மயிலு. உப்பு பத்தல."

வேல்மயில் வாயில இருந்து பழக்கதோசத்துல வந்துச்சு: "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம்." சொல்லிக்கிட்டே உப்பு ஜாடியை எடுத்து இலை பக்கத்துல வச்சா. "நெசமாவே வருந்துதேன்க்கா"ன்னா, இந்தத் தடவை பிரியா குரல்ல இல்ல.

அக்கா உப்பை அள்ளிப் போட்டுப் பெசஞ்சு இன்னொரு வாய் தின்னா. "இப்பச் சரி"ன்னா. அப்புறம், "உங்க கம்பெனியில கடைசியா என்னமோ அமுக்கச் சொல்லுவீகளே"ன்னா.

"சேவை பிடிச்சிருந்தா அஞ்சை அமுக்கணும்."

சண்முகக்கனி அன்னைக்கும் கை கழுவல. சாம்பாரும் சோறுமா இருந்த கையை நீட்டி, கருப்புத் தோலு இன்னும் ஒட்டியிருந்த தங்கச்சி கன்னத்துல, காதோட சேத்து, அஞ்சு விரலையும் வச்சு அமுக்குனா.